குமணக் காட்டுக்கு ஒரு நாள் பயணம்



காடு என்றாலே எமது பெண்களுக்கு ஒரு நடுக்கம் உண்டு. யுத்த காலத்தில் விறகுக்கும் வயலுக்கும் போனவர்களில் எத்தனையோ பேர் வீடு திரும்பவில்லை. அந்தப் பயத்தோடேயே வளர்ந்த பெண்கள் இன்று தாய்மாராகிவிட்டார்கள். காட்டைப் பிள்ளைகளோடு சேர்ந்து பயமின்றிப் பார்க்க எங்கள் மாவட்டத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. அதுதான் குமண தேசிய பூங்கா.

1970இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட இவ்விடம் அப்போது 'யால கிழக்கு' எனப்பட்டது. யுத்தத்தால் 1985 முதல் 2003 வரை மூடிக் கிடந்தது. திறந்த மறு வருடமே சுனாமி தாக்கியது. 2006இல் குமண என்ற பெயர் வந்தது. எங்களைப் போலவே இரண்டு அழிவுகளையும் கண்ட காடு இது.

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில், அறுகம்பை, பாணமை வழியாக உகந்தைக்குப் போக வேண்டும். வழியில் ஒலுவில் வெளிச்சவீட்டைப் பார்க்கலாம். இலங்கைத் தரையின் கிழக்குக் கோடியான சங்கமன்கண்டி முனையும் இக்கரையில்தான் உள்ளது. பாணமையில் சிங்களவரும் தமிழரும் கலந்து வாழ்கிறார்கள். கதிர்காம யாத்திரிகர்கள் உகந்தை முருகன் கோவிலில் தங்கி, இந்தக் காட்டினூடாகவே நடந்து போகிறார்கள்.

பூங்கா வாசலும் உகந்தையில்தான். அங்கே அனுமதிச் சீட்டு எடுத்து, வழிகாட்டியோடு உள்ளே போகலாம். பாதை கரடுமுரடானது; ஜீப் வண்டியே நல்லது. அறுகம்பையில் வாடகைக்குக் கிடைக்கும்.

யானை, மான், காட்டெருமை, முதலை எல்லாம் உண்டு. அதிர்ஷ்டம் இருந்தால் சிறுத்தையும் கரடியும் தென்படும். ஆனால் குமணவின் புகழ் பறவைகளுக்கே. கும்புக்கன் ஓயாவிலிருந்து நீர் பெறும் குமண வில்லுவில், மே முதல் ஜூலை வரையான காலத்தில், நாரை, கொக்கு, கூழைக்கடா, கரண்டிவாயன் என்பன கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும்.

திரும்பும்போது நேரமிருந்தால் பொத்துவிலிலிருந்து மொனராகலை வீதியில் லாகுகலைக்குப் போய் வாருங்கள். வரட்சிக் காலத்தில் அங்குள்ள குளத்துப் புல்லை மேய யானைகள் கூட்டமாக வரும். எங்கள் நெல்லை அழிக்கும் அதே யானைதான். காடு சுருங்கி, அதன் பழைய பாதைகள் அடைபட்டதால்தான் வயலுக்கு வருகிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

கவனிக்க வேண்டியவை:

• அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்காதீர்கள்.
• ஹோன் அடிக்க வேண்டாம். மிருகங்களுக்குத் தீனி போட வேண்டாம்.
• தண்ணீரும் சோற்றுப் பார்சலும் கொண்டு போங்கள். பொலித்தீனைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.
• சுபஹுக்கு முன்பே புறப்பட்டால் இரவாகுமுன் ஊர் திரும்பலாம்.

"புருஷனை இழந்தவளுக்குச் சுற்றுலா எதற்கு?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். வருடம் முழுவதும் தையல் இயந்திரத்தோடும் அடுப்போடும் மாரடிப்பவளுக்கு ஒரு நாள் ஓய்வு ஆடம்பரமல்ல. தகப்பன் இல்லாத பிள்ளைக்கும் யானையைப் பார்க்கும் ஆசை உண்டுதானே! தனியாகப் போனால் செலவு கூடும். பத்துப் பேர் சேர்ந்து மாதாமாதம் சிறு தொகை போட்டு வந்தால் ஒரு வானுக்கும் ஜீப்புக்கும் பணம் சேர்ந்துவிடும். அடுத்த மே மாதத்தை நினைத்து, இந்த மாதக் கூட்டத்திலேயே பேச்சை எடுங்கள்.