ஏலமலை ஜீப்பின் ஹெட்

அடிவாரத்து முந்தலைத் தாண்டியதும் போடிமெட்டுச் சாலை மலையைப் பிடித்து ஏறத் தொடங்குகிறது. மொத்தம் 17 கொண்டை ஊசி வளைவுகள். போடிநாயக்கனூரில் கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் கிளம்பும் வண்டி, சுமார் 25 கிலோமீட்டருக்குள் மேலும் ஆயிரம் மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. ஏலத்தோட்டங்களுக்கு விடியலில் ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளுக்கு இது அன்றாடப் பாடு. மெட்டுக்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறைத் தோட்டப் பாதைகள் இதைவிட மோசம். 1947-ல் வில்லிஸ் ஜீப்போடு தொடங்கிய மகிந்திரா, 1980-களில் பியூஜோ உரிமத்தில் செய்த 2,112 சிசி டீசல் இன்ஜினை ஜீப்புகளில் பொருத்தியது. அதன் பிளாக் வார்ப்பிரும்பு, சிலிண்டர் ஹெட் அலுமினியம். இப்படியொரு பழைய இன்ஜினை இறக்கிப் பிரித்தால் கவனமெல்லாம் பிஸ்டன், லைனர், கிராங்க் பக்கமே போகிறது. மலையில் ஓடும் வண்டிக்கு வேலை ஹெட்டில்தான் தொடங்க வேண்டும் என்பேன். ஹெட் எதனால் கெட்டது என்று தெரியாமல் இன்ஜினை மூடவும் கூடாது.

காரணம் வெப்பம். ஏற்றத்தில் இன்ஜின் முழுச்சுமையில் உழைக்கிறது. ஆனால் வண்டி ஊர்ந்து போவதால் ரேடியேட்டருக்குள் பாயும் காற்று குறைவு. போடிமெட்டு உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைந்துவிடும்; வண்டிகளில் ஜீப் மட்டுமே போகக்கூடிய கொழுக்குமலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். கீழே செட் செய்த டீசல் பம்ப் அதே அளவு டீசலை ஊற்ற, எரிக்கக் காற்று போதாமல் கரும்புகை வரும், சைலன்சர் பக்கச் சூடும் ஏறும். மெட்டில் தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். குக்கரில் வெயிட் செய்யும் வேலையைத்தான் ரேடியேட்டர் மூடி செய்கிறது. அதன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் கொதிநிலையில் கிடைக்க வேண்டிய பத்து டிகிரி பாதுகாப்பு போய்விடும். பிறகு இறக்கம். கியரில் பிடித்து இறங்கும்போது டீசல் எரியாமல் இன்ஜின் மளமளவென்று குளிர்கிறது. அரை மீட்டர் நீள அலுமினிய ஹெட் 70 டிகிரி சூடேறினால் முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் நீளும்; அடியில் இருக்கும் வார்ப்பிரும்பு அதில் பாதிதான் நீளும். இடையில் நசுங்குவது ஹெட் கேஸ்கெட். இரண்டு வால்வு சீட்டுகளுக்கு நடுவில் உள்ள குறுகிய பாலம் இன்னும் பாவம். சூட்டில் விரியப் பார்க்கும் அதைச் சுற்றியுள்ள குளிர்ந்த உலோகம் விடாமல் நெரிக்கிறது. நெரிபட்டு அது நிரந்தரமாகக் குறுகிப்போகிறது. குளிரும்போது அதே உலோகம் அதை இழுக்கிறது. ஏறி இறங்கும் ஒவ்வொரு நாளும் இது நடந்தால் ஒருநாள் அங்கே கீறல் விழத்தான் செய்யும்.

ஆகவே கழற்றிய ஹெட்டை நேராக ஃபேஸ் கட்டிங்குக்கு, அதாவது அடிமுகத்தைச் சீவிச் சமமாக்க, அனுப்புவது அவசரம். முதலில் கார்பனை நீக்கிக் கழுவ வேண்டும். பிறகு தண்ணீர்த் துளைகளை அடைத்து, சுடுதண்ணீர்த் தொட்டியில் முக்கி, உள்ளே காற்றழுத்தம் கொடுத்துக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வார்ப்பிரும்பு ஹெட்டில் கீறலைக் காந்தமும் இரும்புத் தூளும் காட்டிக்கொடுக்கும். அலுமினியத்துக்குச் சாயம் ஊடுருவும் சோதனை. அதன்பிறகே நேர்கோல் வைத்து வளைவை அளப்பது. வால்வு வேலையில் வரிசை முக்கியம்: வால்வின் தண்டு ஓடும் கைடை மாற்றிய பிறகுதான் சீட் வெட்ட வேண்டும், ஏனென்றால் சீட் வெட்டும் கருவி கைடை மையமாகக் கொண்டே சுழல்கிறது. தேய்ந்த கைடை வைத்து வெட்டிய சீட்டில் பேஸ்ட் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் வால்வு சரியாக உட்காராது. உட்காராத வால்வுக்குத் தன் சூட்டைச் சீட்டுக்குக் கடத்த வழியில்லை; அது கருகும்.

வளைந்ததைச் சீவிவிட்டால் போதாதா, இத்தனை சோதனை எதற்கு என்று கேட்கலாம். செலவு பார்க்கும் ஓட்டுநரின் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் ஒவ்வொரு சீவலிலும் ஹெட்டின் உயரம் குறைந்து வால்வு பிஸ்டனை நெருங்குகிறது. சீட்டை ஆழப்படுத்தாவிட்டால் இடிக்கும். எத்தனை முறை சீவலாம் என்பதற்கு எல்லை இருக்கிறது. மேலும், அளவுக்கு மீறிச் சூடு கண்ட அலுமினியம் மென்மையாகிவிடும். அப்படிப்பட்ட ஹெட்டைக் கண்ணாடிபோலச் சீவினாலும் போல்ட்டின் பிடிமானம் நிற்காது. கடினத்தைச் சோதித்து, தேறாவிட்டால் ஒதுக்கத்தான் வேண்டும். மலை வண்டிக்குத் தெர்மோஸ்டாட் வேண்டாம் என்று கழற்றிவிடும் பழக்கத்தையும் நான் ஏற்கவில்லை. அது அடைத்துக்கொண்டால் இன்ஜின் கொதிக்கும் என்ற பயம் உண்மையானதே. சுடுதண்ணீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்தால் அந்தப் பயம் தீரும். கழற்றிவிட்டாலோ இறக்கத்தில் இன்ஜின் இன்னும் அதிகமாகக் குளிர்ந்து, கீறலுக்குக் காரணமான அதே சூடு-குளிர் இடைவெளி கூடுகிறது.

புகை கக்கும் பழைய வண்டிக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்பது கடினமான கேள்வி. ஹெட் வேலை எந்தப் பழைய ஜீப்பையும் பிஎஸ்-6 வண்டியாக்கிவிடாது. பிரேக்கும் சேஸியும் தேறாத வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது. அங்கே இன்ஜின் செலவே வீண். தேறிய வண்டிக்கோ, நாசில் சோதனையும் மலை உயரத்துக்கு ஏற்ப டீசல் அளவைக் குறைப்பதும் ஹெட் வேலையோடு சேர்ந்தவை. இழுவை கொஞ்சம் குறையும். புகையும் சூடும் சேர்ந்து குறையும். ரேடியேட்டரைப் பிரித்து அடைப்பு நீக்கி, மூடியை மாற்றி, வெறும் ஓடைத் தண்ணீருக்குப் பதில் கூலன்ட் ஊற்றி, ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் படிப்படியாக டார்க் ரென்ச்சால் முறுக்க வேண்டும். கேஸ்கெட் மறுமுறுக்கம் கேட்கும் வகையாக இருந்தால், முதல் சில மலை ஓட்டங்களுக்குப் பின் இன்னொரு முறை.