நாள்தோறும் நாடும் இறைதுணை

வவுனியா நகரினின்று மேற்கே மன்னார்த் திசை நோக்கிச் செல்லும் பெருவீதியில் அமைந்த சிற்றூர் பூவரசங்குளம். மரத்தின் பெயரையும் குளத்தின் பெயரையும் சேர்த்து ஊருக்கு இடுவது வன்னி மக்களின் பழைய வழக்கம். நிழலும் நீரும் உள்ள இடமே குடியிருத்தற்கு உரிய இடம் என்னும் அறிவு அவ்வழக்கத்தில் அடங்கியுள்ளது. இவ்வீதி வழியே மேலும் மேற்கே செல்வோர், மருதமடு அன்னையின் திருத்தலத்தை அடைவர். ஆடித் திங்கள் 2ஆம் நாளிலும் ஆவணித் திங்கள் 15ஆம் நாளிலும் நடைபெறும் பெருவிழாக்களுக்காக, முன்னாளில் மாட்டுவண்டிகளிலும் இந்நாளில் பேருந்துகளிலும் மக்கள் திரள்திரளாய்ச் செல்கின்றனர். கத்தோலிக்கர் மட்டுமன்றி, சைவ மக்களும் அத்திரளில் உளர்.

திருவிழா முடிகின்றது. கூடாரங்கள் கழற்றப்படுகின்றன. மக்கள் தத்தம் ஊர் திரும்புகின்றனர். கமக்காரன் வயலுக்கும், ஆசிரியர் பள்ளிக்கும், தாய் அடுக்களைக்கும் செல்கின்றனர். திருத்தலத்தில் கண்ணீர் மல்கக் கேட்ட துணை, இனி வரும் சாதாரண நாட்களில் எங்ஙனம் அவர்களோடு வரும்? விழாநாளில் இறைவனை நாடுதல் எளிது. கடன்காரன் வாயிலில் நிற்கும் நாளில், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவில், அயலவன் வரப்பை வெட்டிய காலையில் அவரை நாடுவது எப்படி? கிறிஸ்தவ வாழ்வின் நடைமுறைச் சிக்கல் இதுவே.

இதற்கு விடை காண வன்னிக் குளத்தையே நோக்கலாம். வடகீழ்ப் பருவமழை பொழியும் கார்த்திகை, மார்கழித் திங்களில் குளம் நிறைகின்றது. சில ஆண்டுகளில் வான் பாய்கின்றது. ஆயினும், வான் பாயும் வெள்ளத்தால் பயிர் விளைவதில்லை. துருசு வழியே, வேண்டிய பொழுது, வேண்டிய அளவு, வாய்க்காலில் இறங்கும் நீரே கதிரை முற்றச் செய்வது. திருவிழாவும் தியானமும் குளத்தை நிறைக்கும் மழை போன்றன. அன்றாடச் செபம் துருசு போன்றது. நிறைந்த குளத்தின் கீழேயே துருசு திறவாத வயல் வாடுதல் உண்டு. பாலைவனத்தில் இஸ்ரயேல் மக்களுக்கு அருளப்பட்ட மன்னாவும் அன்றன்றைக்கே சேர்க்க வேண்டிய உணவாயிருந்தது. பேராசையால் மறுநாளைக்குச் சேமித்தது கெட்டழிந்தது. இயேசு தம் சீடருக்குக் கற்பித்த செபத்திலும் அன்றைய உணவே கேட்கப்படுகின்றது. நாளைய வலிமையை இன்றே தருமாறு கேட்பதன்று கிறிஸ்தவ செபம். இன்றைய கடமைக்கு இன்றைய வலிமையைக் கேட்பதே அது.

இனி, வழிகாட்டுதல் என்பது யாது என ஆராய்தல் வேண்டும். சிலர் அதனைக் குறி கேட்பது போல் எண்ணுகின்றனர். வேதநூலைக் கண்மூடித் திறந்து, விரல் பட்ட வரியை விடையாகக் கொள்வாரும் உளர். திருச்சபையின் நெடிய அனுபவம் இதற்கு மாறானது. வேதநூலின் போதனை, பழக்கப்பட்ட மனச்சான்று, அறிவும் பக்தியும் உடைய பெரியோரின் ஆலோசனை, வாழ்வின் சூழ்நிலை ஆகிய நான்கும் ஒரு திசையைக் காட்டும்போது, அத்திசையில் அமைதியோடு அடியெடுத்து வைப்பதே வழிகாட்டுதலைப் பெறுதல். ஈற்றூர் வரை வெளிச்சம் விழ வேண்டுவதில்லை. அடுத்த அடி வைக்குமளவு விழுந்தால் போதும்.

இலங்கைத் திருச்சபையின் வரலாற்றில் இதற்குச் சிறந்த சான்று புனித ஜோசப் வாஸ் அடிகளின் வாழ்வு. 1651ஆம் ஆண்டில் கோவாவிற் பிறந்தவர் அவர். 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. கத்தோலிக்க குருமார் வெளியேற்றப்பட்டனர், வழிபாடு தடைசெய்யப்பட்டது. 1670ஆம் ஆண்டளவில் மாந்தையைச் சேர்ந்த விசுவாசிகள் சிலர் தம் அன்னையின் திருச்சுரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குட் சென்று மருதமடுவில் அடைக்கலம் புகுந்தனர் என மடுவின் மரபு கூறும். மேய்ப்பரின்றித் தவித்த இம்மக்களைப் பற்றிய செய்தி கோவாவிலிருந்த இளம் குருவின் உள்ளத்தைத் தைத்தது.

அவர் உடனே இலங்கைக்கு வந்துவிடவில்லை என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. 1681இல் இலங்கை செல்லத் தம்மை ஒப்புக்கொடுத்தார். மேலிடத்தாரோ அவரைக் கன்னட நாட்டுப் பணிக்கு அனுப்பினர். தம் விருப்பம் இறைவனின் விருப்பமேயென்று அவர் வாதாடவில்லை. கொடுத்த பணியைச் செம்மையுறச் செய்தார். பின்னர்க் கோவா திரும்பி, குருமார் குழு ஒன்றிற் சேர்ந்தார். ஆயினும், இலங்கையைப் பற்றிய எண்ணம் அவருள் அணையவில்லை. ஆண்டுகள் சென்றும், பிற கடமைகளின் நடுவிலும், மங்காது நின்ற அவ்வெண்ணத்தை அவர் அழைப்பென உணர்ந்தார். 1687இல், எளிய கூலியாள் போன்ற கோலத்தில், யோவான் என்னும் பணியாளோடு யாழ்ப்பாணக் கரையை அடைந்தார். ஒரு நாள் ஆர்வம் எளிதில் அணைந்துவிடும். இறைவன் ஊன்றிய எண்ணமோ காத்திருப்பினால் வேரூன்றும். இரண்டையும் பிரித்தறிய அவருக்கு உதவியது காலமும் கீழ்ப்படிதலுமே.

வந்த இடத்தில் அவரை வரவேற்றது நோய். நடக்கவும் இயலாத நிலையில் கைவிடப்பட்டுக் கிடந்தவரை, இரக்கமுள்ள பெண்ணொருவர் உணவளித்துக் காத்ததாக அவர் வரலாறு கூறுகின்றது. இறைவலிமையை வேண்டி நின்றவருக்கு, அது ஓர் ஏழைப் பெண்ணின் கையால் வந்தது. எலியாத் தீர்க்கதரிசியின் வரலாறும் இத்தகையதே. உயிருக்கு அஞ்சி ஓடி, மனம் சோர்ந்து, மரத்தடியில் மரணத்தை வேண்டிக் கிடந்த அவருக்கு முதலில் போதனை வரவில்லை. சுட்ட அப்பமும் ஒரு குடுவை நீரும் உறக்கமுமே அருளப்பட்டன. அதன் பின்னரே நெடும்பயணம். அதற்கும் பின்னரே, காற்றிலும் நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் அன்றி, மெல்லிய ஒலியில் இறைவனின் குரல். களைத்த உடலுக்கு ஓய்வும் உணவும் தேடுவது விசுவாசக் குறைவு அன்று என்பதை இவ்வரலாறு தெளிவாக்குகின்றது.

நலமுற்ற வாஸ் அடிகள் கழுத்திற் செபமாலை அணிந்து வீடுவீடாய் இரந்து, தம் மக்களைக் கண்டறிந்தார். சில்லாலையில் மறைவாகத் தங்கி இரவு வேளைகளில் அவர்களுக்குப் பணியாற்றினார். 1692இல் கண்டியை அடைந்தபோது ஒற்றன் என ஐயுற்றுச் சிறையிடப்பட்டார். அச்சிறையிலும் சிங்கள மொழியைக் கற்றார். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவிய காலத்து, உறவினரும் அஞ்சி விட்டகன்ற நோயாளரை, சாதி சமய வேறுபாடு நோக்காது பேணினார். அவர் பெற்ற வலிமை இடரை நீக்கியதன்று. இடரின் நடுவே அன்பு செய்ய வைத்தது. 1711ஆம் ஆண்டு தை 16ஆம் நாள் கண்டியில் மறைந்த அவரை, 2015ஆம் ஆண்டு தை 14ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் புனிதராக உயர்த்தினார். அன்று மாலையே பாப்பரசர் மடுத் திருத்தலத்துக்கும் சென்று செபித்தார்.

வாஸ் அடிகளைப் போன்றோர்க்கு மட்டுமே இஃது இயலும் எனத் தளர வேண்டுவதில்லை. அன்றாட வாழ்வினர்க்கு எளிய முறைகளை முன்னோர் வகுத்துள்ளனர். 1521இல் போர்க்களத்திற் கால் முறிந்து படுக்கையிற் கிடந்த லொயோலா இஞ்ஞாசியார், தம் மனவோட்டத்தைக் கூர்ந்து நோக்கினார். வீரப்புகழ் பற்றிய கற்பனைகள் இன்பந் தந்து பின் வெறுமையை விட்டுச் சென்றன. புனிதரைப் பின்பற்றும் எண்ணங்களோ சென்ற பின்னும் அமைதியை நிலைநிறுத்தின. இவ்வேறுபாட்டிலிருந்து அவர் ஒரு முறையையே வகுத்தார். மனம் இருண்டிருக்கும் வேளையில், தெளிந்த வேளையில் எடுத்த முடிவை மாற்றலாகாது என்பது அவர் கற்பித்த நெறிகளுள் ஒன்று. சினத்தில் மடல் எழுதி அனுப்பிப் பின் வருந்தியவர் யாவரும் இந்நெறியின் அருமையை உணர்வர்.

அவர் கற்பித்த இரவுச் சோதனையும் எளியதே. அன்றைய நன்மைகளுக்கு நன்றி கூறுதல், உண்மையைக் காண ஒளி வேண்டுதல், காலை முதல் மாலை வரை நிகழ்ந்தவற்றை எண்ணிப் பார்த்தல், தவறியதற்கு வருந்துதல், நாளைக்கு ஒரு தீர்மானம் கொள்ளுதல் என ஐந்து படிகள். விளக்கணைக்குமுன் கால்மணி நேரம் போதும்.

வேதநூல் வாசிப்பும் இதனோடு சேரும். 1715இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியது; 1759இல் பிலிப்பு தெ மெல்லோவின் மொழிபெயர்ப்பு கொழும்பில் வெளிவந்தது. தாய்மொழியில் வேதநூல் கைக்கு எட்டும் பேறு இவ்வாறு படிப்படியாக வாய்த்தது. பல அதிகாரங்களை விரைந்து ஓதுவதினும், சில வரிகளை மெல்ல வாசித்து, இது இன்றைய என் வேலைக்கு என்ன சொல்கிறது என ஒவ்வொருவரும் தம்மை வினவுதல் பயன் தரும்.

இத்துணையும் செய்தும் வேண்டியது கிட்டாதபோது யாது செய்வது? வன்னி மக்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அன்று. 1990 முதல் போரினால் இடம்பெயர்ந்தோர் ஆயிரக்கணக்கில் மடுவில் அடைக்கலம் புகுந்தனர். 1999ஆம் ஆண்டு கார்த்திகைத் திங்களில் அத்திருத்தலத்திலேயே எறிகணை வீழ்ந்து, தஞ்சமடைந்திருந்தோர் பலர் உயிரிழந்தனர். 2008ஆம் ஆண்டு சித்திரையில், திருச்சுரூபத்தையே குருமார் பாதுகாப்புக் கருதித் தேவன்பிட்டிக்கு எடுத்துச் செல்ல நேர்ந்தது. அவ்வாண்டு ஆவணியில் அது மீண்டும் மடுவை அடைந்தது. இறைவன் சந்நிதியிலும் துன்பம் வந்தது என்பதை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. செபித்தவர் பிழைத்தனர், செபியாதவர் மாண்டனர் எனக் கூறுவது பொய்யும் கொடுமையும் ஆகும்.

கிறிஸ்தவ வேதம் அவ்வாறு கூறவுமில்லை. தம் உடலைத் தைத்த முள்ளை நீக்குமாறு சின்னப்பர் மும்முறை வேண்டினார். முள் நீங்கவில்லை, அதைத் தாங்கும் அருளே வாக்களிக்கப்பட்டது. துன்பக் கிண்ணம் அகல வேண்டுமென இயேசுவே கெத்சமனித் தோட்டத்தில் வேண்டினார், அது அகலவில்லை. முறையிடுதலும் அழுதலும் செபமே. விடை தெரியாத இரவிலும் இறைவனோடு பேசுவதை நிறுத்தாதிருத்தலே விசுவாசத்தின் உறுதி. பிள்ளைகளை இழந்த தாய்மார், மடுவுக்குத் திரும்பிச் சென்று மெழுகுதிரி ஏற்றியபோது அவர்கள் விளக்கத்தைப் பெற்றுச் சென்றவர்கள் அல்லர். துக்கத்தைத் தனியே சுமக்க இயலாது என அறிந்து சென்றவர்கள்.

பெற்ற வழிகாட்டுதல் மெய்யானதா என அறிய ஓர் உரைகல் உண்டு. அது அன்பு. செபித்து எழுந்தவன் அயலவனிடம் முன்னினும் பொறுமையாகப் பேசுகின்றானா, கூலியாளுக்கு உரியதை உரிய நேரத்திற் கொடுக்கின்றானா, பகைத்தவனோடு முதற் சொல் பேசத் துணிகின்றானா எனக் காண வேண்டும். வன்னியின் சிறுகுளங்கள் பல, தொடராய், ஒன்றன் கீழ் ஒன்றாய் அமைந்தவை. மேற்குளத்தின் வயல்களிற் பாய்ந்து எஞ்சிய நீர் கீழ்க்குளத்தை நிறைக்கின்றது. இறைவனிடமிருந்து நாள்தோறும் பெறும் வலிமையும் அத்தகையதே. ஒரு வயலைக் குளிர்வித்து அங்கேயே தேங்கிவிடுவதற்கன்று அது. அடுத்த வீட்டுக்கும் அடுத்த ஊருக்கும் வழிந்தோடுவதற்கே தரப்படுகின்றது.