படியும் பள்ளமும்

மாமல்லபுரத்திலிருந்து தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிரயாணம் செய்கிறவர், சதுரங்கப்பட்டினத்துக்குத் திரும்பும் சாலையையும் கல்பாக்கத்து அணுமின் நிலையத்துக்குப் பிரியும் வழியையும் புதுப்பட்டினத்துக் கடைவீதியையும் கடந்து, வாயலூரில் பாலாற்றுப் பாலத்தை அடையும் வரையில், சக்கரத்துக்கு அடியில் மண் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடலாம். ஆனால் அந்தத் தார்ச் சாலையை விட்டு இரண்டு பர்லாங் இறங்கிப் பார்த்தால், சவுக்குத் தோப்புகளின் சொரிமணலும், மழைக்குப் பின் உழுதது போல் கிடக்கும் ஏரிக்கரைப் பாதைகளும், வருஷத்தில் பெரும்பகுதி வெறும் மணற்பரப்பாகவே காட்சியளிக்கும் பாலாற்றுப் படுகையும், இந்தப் பிரதேசத்தின் உண்மையான தரை எது என்பதைத் தெளிவாகக் காட்டிவிடும். மீனும் ஐஸும் ஏற்றுகிறவர்கள், சவுக்கு மரம் வெட்டி ஏற்றுகிறவர்கள், வயலுக்கு உரமூட்டை கொண்டுபோகிறவர்கள் எல்லோரும் தினந்தோறும் அந்தத் தரையில்தான் வண்டி ஓட்ட வேண்டியிருக்கிறது.

2005-ல் வெளிவந்து ‘குட்டியானை’ என்று பெயர் பெற்ற டாடா ஏஸும், பல வருஷங்களாக உழைத்துவரும் பொலேரோ பிக்கப்பும் இந்த வேலைகளில் பெரும்பகுதியைச் செய்துவருகின்றன. அவற்றோடு இப்போது, 2016-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த இசுஸு வி-கிராஸ், 2022-ல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் முதலிய உயரமான இரட்டைக் கேபின் பிக்கப்புகளும் சேர்ந்திருக்கின்றன. ஒரே வண்டியில் பகலில் சரக்கும், மாலையில் குடும்பமும் போக வேண்டும் என்று விரும்புகிறவர்கள் இவற்றை வாங்குகிறார்கள். வாங்கியவுடன் அநேகமாக வீட்டிலுள்ள பெரியவர்களின் பொருட்டு, கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் ஃபுட்போர்டு பொருத்திவிடுகிறார்கள்.

அந்தப் பலகையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. முழங்கால் வலியுள்ள பாட்டி ஒருவர், புடவையைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு, தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேலிருக்கும் வாசற்படியில் ஒரே எட்டில் ஏற வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. முன்சக்கரம் வாரியடிக்கும் சேற்றில் ஒரு பங்கைப் பலகை தாங்கிக்கொள்கிறது. மேலே கட்டிய சாமானை அவிழ்க்க நிற்பதற்கும் இடம் தருகிறது. அதன் உபயோகம் உண்மையானது. ஆனால் தார்ச் சாலையை விட்டு இறங்கும் வண்டிக்கு அதனால் நேரும் நஷ்டமும் உண்மையானதே. அந்த நஷ்டம் விற்பனைக் கடையில் கொடுக்கும் எந்தக் காகிதத்திலும் எழுதப்பட்டிருப்பதில்லை என்பதுதான் இங்கே விளக்க வேண்டிய விஷயம்.

காகிதத்தில் எழுதியிருப்பது ‘கிரவுண்ட் கிளியரன்ஸ்’ என்ற ஒற்றை எண். வண்டியின் அடிப்பாகத்தில் எது எல்லாவற்றிலும் தாழ்ந்திருக்கிறதோ, அதற்கும் தரைக்கும் உள்ள இடைவெளி அது. பிக்கப்பில் அவ்வாறு தாழ்ந்திருப்பது பெரும்பாலும் பின் அச்சின் நடுவில் குடம் போல் பருத்திருக்கும் டிஃபரன்ஷியல். ஃபுட்போர்டு அதைவிட உயரத்தில்தான் இருக்கும். ஆகையால் பலகையைப் பொருத்திய பிறகும் அந்த எண் ஒரு மில்லிமீட்டர்கூட மாறுவதில்லை. எண் மாறாததைக் கண்டு நஷ்டம் ஏதுமில்லை என்று முடிவுசெய்கிறவர், டிஃபரன்ஷியல் இருக்கும் இடம் வேறு, பலகை இருக்கும் இடம் வேறு என்பதைக் கவனிக்க மறந்துவிடுகிறார்.

டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே இருக்கிறது. ஆகவே வழியில் கல்லோ மரக்கட்டையோ கிடந்தால், அதை வண்டியின் நடுவில் விடாமல் டயரின் மேலேயே ஏற்றிவிடுவது அனுபவமுள்ள ஓட்டுநரின் வழக்கம். டயர் ஏறும்போது அச்சும் கூடவே உயர்ந்துவிடுவதால் டிஃபரன்ஷியல் தப்பித்துக்கொள்கிறது. பலகையோ முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே, அநேகமாக அதே கோட்டில் தொங்குகிறது. முன்சக்கரம் ஏறி இறங்கிய அதே கல்லின் மேல் அடுத்த கணம் பலகை வந்து அமர்கிறது. நடுப்பாகத்தைக் காப்பாற்றச் செய்த உபாயமே பக்கத்துக்கு ஆபத்தாக முடிகிறது. இதோடு, ஒரு பக்கத்துச் சக்கரங்கள் பள்ளத்தில் இறங்கி வண்டி சாயும்போது, எல்லாவற்றிலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பலகைதான் அதிகமாகத் தாழும். பத்து டிகிரி சாய்வில், வண்டியின் நடுக்கோட்டிலிருந்து 85 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் ஓரம் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் கீழே வந்துவிடும். நின்ற இடத்தில் அளந்த உயரம் சாய்ந்த இடத்தில் பாதியாகவும் ஆகிவிடலாம்.

இனி ஏரிக்கரையைக் கடப்பதை எடுத்துக்கொள்வோம். கூரான மேட்டின் மேல் முன்சக்கரங்கள் ஏறி மறுபக்கம் இறங்கிவிட்டன, பின்சக்கரங்கள் இன்னும் இந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்னும் தறுவாயில், மேட்டின் முகடு வண்டியின் வயிற்றை நெருங்குகிறது. எவ்வளவு கூரான மேட்டை வயிறு தட்டாமல் கடக்கலாம் என்பதை இரண்டு அளவுகள் நிர்ணயிக்கின்றன: நடுப்பாகத்தின் உயரம் ஒன்று, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம் மற்றொன்று. செங்கல்பட்டை அடுத்த மஹிந்திரா ஆராய்ச்சி நிலையத்துப் பொறியாளர்கள் உருவாக்கி 2020-ல் வெளிவந்த ‘தார்’ ஜீப்புக்கு அச்சு இடைத்தூரம் 2450 மில்லிமீட்டர்தான். மேட்டைக் கடக்கும் கோணம் 27 டிகிரி என்று அந்தக் கம்பெனி குறிப்பிட்டிருக்கிறது. ஹைலக்ஸின் அச்சு இடைத்தூரமோ 3085 மில்லிமீட்டர். இவ்வளவு நீண்ட வண்டியின் பக்கச் சட்டம் தரையிலிருந்து 400 மில்லிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், தோராயக் கணக்குப்படி அந்தப் பக்கத்தில் கிடைப்பது 29 டிகிரி. அதற்குக் கீழே 100 மில்லிமீட்டர் தொங்கும்படி ஒரு பலகையைப் பொருத்தினால் அது 22 டிகிரியாகச் சுருங்கிவிடும். நீளமான வண்டிக்கு இயல்பாகவே குறைவாயிருக்கும் ஒரு வசதியை, எங்கே அது மிகவும் தேவையோ சரியாக அங்கேயே பலகை எடுத்துக்கொள்கிறது.

மணலில் இந்த நஷ்டம் வேறு ரூபம் எடுக்கிறது. சக்கரங்கள் சுழன்று சுழன்று குழிபறித்து இறங்கும்போது, ஒரு கட்டத்தில் பலகையின் அகன்ற அடிப்பரப்பு மணலின் மேல் படிந்துவிடுகிறது. அதன் பிறகு வண்டியின் பாரத்தில் ஒரு பகுதியைப் பலகை சுமக்கத் தொடங்குவதால், சக்கரங்களின் மேலுள்ள அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்த சக்கரத்துக்குப் பிடிமானம் ஏது? நான்கு சக்கரங்களுக்கும் சக்தி பாயும் வண்டியும் அந்த நிலையில் செயலற்றுப்போகிறது. அப்போது ஆக்ஸிலேட்டரை மேலும் மேலும் அழுத்துவது குழியை ஆழமாக்குவதன்றி வேறொரு பலனும் தராது. மண்வெட்டியால் பலகைக்கு அடியிலுள்ள மணலை முதலில் அப்புறப்படுத்தி, பாரத்தைச் சக்கரங்களுக்குத் திருப்பிக் கொடுத்த பிறகே வண்டியை நகர்த்த முயல வேண்டும்.

மணலில் இறங்குமுன் டயரின் காற்றைக் குறைப்பது நல்ல வழக்கம். டயர் நீளவாட்டில் பரந்து, புதையாமல் மிதக்கிறது. ஆனால் காற்று குறையக் குறைய வண்டி முழுவதும் சற்றே தாழ்கிறது. பின்னால் சரக்கு ஏற்றினால் ஸ்பிரிங் பிளேட்டுகள் அமுங்கி நடுப்பாகமும் தாழ்கிறது. ஆகவே காலி வண்டி தாண்டிய வரப்பை, பாரம் ஏற்றிய அதே வண்டி தாண்டும் என்று நம்பிவிடக் கூடாது. விளம்பரத்தில் காணும் எண் பாரமற்ற நிலையில் அளந்ததா, ஏற்றிய நிலையில் அளந்ததா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பழைய மோட்டார் வண்டிகளிலெல்லாம் பலகை இருந்ததே, அவை மண் சாலையில்தானே ஓடின என்று கேட்கலாம். 1908 முதல் 1927 வரை தயாரான ஃபோர்டு மாடல் டி வண்டி, முன் மட்கார்டிலிருந்து பின் மட்கார்டு வரை நீண்ட பலகையோடுதான் கரடுமுரடான பாதைகளில் ஓடியது. அதன் சக்கரங்கள் மிகப் பெரியவை, அச்சு இடைத்தூரம் 100 அங்குலமே. பலகையும் உயரத்திலேயே இருந்தது. இன்றைய பிக்கப்பில் பின்னால் சேர்க்கும் பலகையோ, ஏறுவதற்கு வசதியாக வேண்டுமென்றே தாழ்த்திப் பொருத்தப்படுவது.

கடைகளில் கிடைப்பவற்றில் தர வித்தியாசம் மிகுதி. மெல்லிய அலுமினியப் பலகையை நாலைந்து பிராக்கெட்டுகளில் மாட்டிவிடுவது ஒரு வகை. அது கல்லில் மோதினால் மேல்நோக்கி மடங்கிக் கதவின் அடிப்பாகத்தை நசுக்கிவிடும், சில வேளைகளில் கதவைத் திறக்கவும் விடாது. சேசிஸோடு நேராகப் பிணைத்த கனத்த எஃகுக் குழாய் மற்றொரு வகை. இது வண்டியின் உடலை ஒட்டி மேலேறி இருப்பதோடு, மோதினாலும் வண்டியின் பாரத்தைத் தாங்கிக் கல்லின்மேல் சறுக்கிச் செல்ல இடங்கொடுக்கும். முதல் வகைக்கு அடியில் ஒருநாளும் ஜாக்கி வைக்கக் கூடாது. எந்த வகையானாலும், கல்பாக்கத்துக் கடற்காற்றில் உப்பு இருக்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும்: அலுமினியமும் எஃகும் தொடும் இடத்திலும், புதிதாகத் துளையிட்ட இடத்திலும், பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஈர மணல் தங்கும் இடத்திலும் அரிப்பும் துருவும் வெகு சீக்கிரம் பிடிக்கும். நல்ல தண்ணீரால் அடியிலிருந்து கழுவுவதைச் சோம்பலால் தள்ளிப்போடுகிறவர்கள் வண்டியின் ஆயுளையே குறைத்துக்கொள்கிறார்கள்.

என் அபிப்பிராயம் இதுதான்: தார்ச் சாலையிலும் ஊர்த் தெருவிலும் மட்டும் ஓடும் வண்டிக்குப் பலகை இருக்கட்டும், முதியோரின் சௌகரியத்தைவிடப் பெரிய நியாயம் அங்கே வேறில்லை. தோப்புக்கும் ஏரிக்கரைக்கும் ஆற்றுப் படுகைக்கும் வாரந்தோறும் போகும் வண்டிக்கு அது வேண்டாம். அல்லது சேசிஸில் பிணைத்த எஃகுக் குழாயே வேண்டும். பெரியவர்கள் ஏறுவதற்குக் கேபினில் ஒரு சிறிய மர முக்காலியை வைத்துக்கொண்டால் போதும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரை கடந்தது போன்ற நாட்களில், விழுந்த கிளைகளின் மேலும் நீருக்கடியில் மறைந்த கற்களின் மேலும் நிவாரணப் பொருளோடு போக வேண்டிய வண்டிகளுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. எவ்வளவு உயரமான வண்டி வைத்திருந்தாலும் அதைக் கடற்கரை மணலில் இறக்காதீர்கள். தை முதல் பங்குனி வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் ஏறி வந்து மணலுக்குள் முட்டையிடுகின்றன. குஞ்சு வெளிவர 45 நாட்களுக்கு மேலாகும், அதுவரையில் முட்டை புதைந்த இடத்தை மேலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மற்ற இடங்களுக்குப் போகும்போது, வழக்கமாக ஏற்றும் பாரத்தை ஏற்றி, சமதரையில் நிறுத்தி, ஒரு டேப்பைக் கொண்டு பலகையின் அடியிலிருந்து தரை வரை நீங்களே அளந்து, அந்த எண்ணைக் கேபினில் எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.