போர்வைக்கு இரண்டு எடை!

சென்னிமலை என்றதும் முருகன் கோயில் நினைவுக்கு வரும். அடுத்தபடி கைத்தறிப் போர்வை. ஒரு காலத்தில் பேல் பேலாகக் கட்டி, லாரி பார்சலில் வியாபாரிகளுக்கு அனுப்பினார்கள். இன்றோ ஒற்றைப் போர்வைகூட வாங்குகிறவர் வீட்டுக்கே போகிறது. 1986 ஆகஸ்டில் தபால் இலாகா விரைவுத் தபாலைத் தொடங்கியது. தனியார் கூரியர்களும் பெருகிவிட்டார்கள்.

இங்கேதான் ஒரு சங்கடம். கூரியர்காரர் கணக்கில் போர்வைக்கு இரண்டு எடை! ஒன்று தராசு காட்டுவது. மற்றொன்று அளவுகோல் சொல்வது. பெட்டியின் நீள, அகல, உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5,000-ஆல் வகுக்கிறார்கள். இரண்டில் எது அதிகமோ, அதற்கே கட்டணம். வண்டியில் இடத்தை அடைக்கிறதே என்பது அவர்கள் நியாயம்.

2 கிலோ போர்வையை 40, 30, 20 சென்டிமீட்டர் பெட்டியில் வைத்தால் 4.8 கிலோவுக்குக் கட்டணம்! அழுத்தி மடித்து உயரத்தைப் பாதியாக்கினால் 2.4 கிலோதான்.

அனுப்பும் செலவு ஏறினால் போர்வையின் விலையும் ஏறும். மலிவான விசைத்தறிப் போர்வை முந்திக்கொள்ளும். ஆகவே, நெய்வதில் காட்டும் கைத்திறனை மடிப்பதிலும் காட்டவேண்டியிருக்கிறது. காற்றுக்கும் கூலி கொடுத்தால் கட்டுப்படியாகுமா?