புகார் கொடுத்தால் பிள்ளையின் பெயர் வெளியே வருமா?



பாலியல் கொடுமைக்கு ஆளான பிள்ளையின் பெற்றோர் முதலில் கேட்பது குற்றவாளிக்கு என்ன தண்டனை என்பதல்ல. "போலீஸுக்குப் போனால் பெயர் வெளியே வந்துவிடாதா? நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்?" என்பதுதான். இந்த அச்சத்தாலேயே வாய் மூடிவிடும் குடும்பங்கள் உண்டு.

2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டம் 18 வயது நிறையாத எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். ஆண் பிள்ளைகளுக்கும்தான்; இதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். வாக்குமூலத்துக்காகப் பிள்ளையை ஸ்டேஷனுக்குக் கூட்டிச் செல்ல வேண்டியதில்லை. வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, இயன்றவரை சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத பெண் அதிகாரியே வந்து எழுத வேண்டும். அவர் சீருடையில் இருக்கக் கூடாது. பெற்றோரோ பிள்ளை நம்பும் ஒருவரோ உடனிருக்க வேண்டும். பெண் பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை இரவில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது.

பெயருக்கு வருவோம். பெயர், முகவரி, புகைப்படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி என அடையாளம் காட்டும் எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்கிறது 23-வது பிரிவு. மீறினால் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பிள்ளையின் நலனுக்காகச் சிறப்பு நீதிமன்றம் எழுத்தில் அனுமதித்தால் மட்டுமே விலக்கு. இத்தகைய வழக்குகளின் எஃப்.ஐ.ஆரைப் பொதுவெளியில் வைக்கக் கூடாது என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

பத்திரிகைக்காரர்களுக்கு மட்டும்தானே என்று நினைக்க வேண்டாம். சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு மற்ற தகவல் தொடர்பு வழிகளையும் சேர்த்தே தடுக்கிறது. "இன்ன தெரு, இன்னார் மகள், துஆ செய்யுங்கள்" என்று மஹல்லா வாட்ஸ்அப் குழுவில் நல்லெண்ணத்தோடு போடுவதும் பிள்ளையைக் காட்டிக்கொடுப்பதுதான். உண்மையில் செய்தித்தாளைவிட இந்த வழியில்தான் பெயர் அதிகம் பரவுகிறது.

ஜமாஅத்தில் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை சிறை உண்டு. பள்ளியோ மதரஸாவோ, தன் கீழ் உள்ளவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை. நல்லெண்ணத்தில் தகவல் தந்தவர் மீது வழக்கு வராது. பஞ்சாயத்தில் பத்துப் பேர் முன் பிள்ளையை நிறுத்திக் கேள்வி கேட்பதில் இந்தப் பாதுகாப்பு ஒன்றுகூட இல்லை.

நீதிமன்றத்திலும் விசாரணை மூடிய அறையில்தான். சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவரைப் பிள்ளை நேருக்கு நேர் பார்க்கும்படி வைக்கக் கூடாது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நேராகப் பிள்ளையிடம் கேட்க முடியாது. கேள்விகளை நீதிபதியிடம் கொடுக்க வேண்டும், நீதிபதிதான் கேட்பார்.

உடனடி உதவிக்கு 1098-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகக் கிடைக்கும். அதைப் படமெடுத்து உறவினர்களுக்கு அனுப்பாமல், வழக்கறிஞரிடம் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.