இலந்தை: வானம் பார்த்த பூமியின் பிளம்ஸ்

இலந்தை என்பது வெப்பமான, மழை குறைந்த பகுதிகளில் வளரும் முள்ளுள்ள பழ மரமாகும். இதன் தாவரவியல் பெயர் சிசிபஸ் மௌரிசியானா. பேச்சு வழக்கில் ‘எலந்தை’ எனப்படும். ஆங்கிலத்தில் இதை ‘இந்தியன் பிளம்’ என்றும் அழைப்பர். விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் தரிசுகளிலும் கண்மாய்க் கரைகளிலும் வயல் வரப்புகளிலும் இது தானாகவே முளைத்து வளர்கிறது.

பிளம்ஸும் இலந்தையும்

பெயர் ஒத்திருந்தாலும் இவை இரண்டும் உறவுடைய மரங்கள் அல்ல. பிளம்ஸ் ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆப்பிள், பாதாம் ஆகியவை அதன் உறவுகள். பூப்பதற்கு முன் அதற்குக் குளிர்காலம் தேவை. எனவே தமிழ்நாட்டில் கொடைக்கானல், நீலகிரி போன்ற மலைப்பகுதிகளில் மட்டுமே பிளம்ஸ் பயிராகிறது. இலந்தை வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. சீனாவில் பெரிதும் பயிரிடப்படும் சீன இலந்தை அதன் நெருங்கிய இனம்.

உடல்நலத்திற்கு ஏற்ற பழம் என்று பிளம்ஸ் பரவலாகப் பரிந்துரைக்கப்படுகிறது. 100 கிராம் பிளம்ஸில் சுமார் 46 கலோரி ஆற்றலும் 9.5 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் உள்ளன. நன்கு பழுத்த இலந்தையில் வைட்டமின் சி பொதுவாக 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். வகை, மண், பழுத்த நிலை ஆகியவற்றைப் பொறுத்து இந்த அளவு மாறும். மாவுச்சத்தும் சர்க்கரையும் இலந்தையில் கூடுதல் என்பதால் நீரிழிவு உள்ளவர்கள் அளவோடு உண்பது நல்லது.

வறட்சியைத் தாங்கும் விதம்

இவ்வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையில் கிடைப்பது. மற்ற மாதங்களில் மண் காய்ந்து கிடக்கும். இலந்தையின் ஆணிவேர் ஆழமாக இறங்கி அடிமண்ணின் ஈரத்தை எடுத்துக்கொள்ளும். கடும் கோடையில் மரம் இலைகளை உதிர்த்து நீரிழப்பைக் குறைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரத்தில் காய்கள் பருத்து, மார்கழி முதல் மாசி வரை பழுக்கும். உவர் மண்ணையும் இம்மரம் ஓரளவு தாங்கும். இலை ஆடுகளுக்குத் தீவனமாகிறது. முள் கிளைகள் வேலியடைக்க உதவுகின்றன.

ஒட்டு இலந்தை

காட்டு இலந்தையின் பழம் சிறியது. சதை குறைவு, கொட்டை பெரிது. உம்ரான், கோலா, கைதாலி, பனாரசி போன்ற வகைகளின் பழங்கள் பெரியவை, சதைப்பற்று மிக்கவை. இவற்றைப் பெறக் காட்டு மரத்தை வேரோடு அகற்ற வேண்டியதில்லை. அதன் அடிமரத்தை வெட்டிவிட்டு, புதிதாகத் துளிர்க்கும் கிளையில் நல்ல வகையின் மொட்டை ஒட்டலாம். மண்ணில் ஏற்கெனவே ஊன்றிய வேர் அப்படியே பயன்படுவதால் புதிய மரம் விரைவில் காய்க்கிறது. அருப்புக்கோட்டையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் இலந்தை, சீத்தா போன்ற மானாவாரிப் பழ மரங்கள் ஆய்வு செய்யப்பட்டுள்ளன.

இலந்தை புதிய கிளைகளில்தான் காய்க்கும். ஆகவே அறுவடை முடிந்த பின், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கிளைகளைக் கவாத்து செய்வது அவசியம். பழ ஈயே இதன் முக்கியப் பூச்சி. அது இடும் முட்டையிலிருந்து வரும் புழு பழத்தினுள் இருந்து சதையை உண்ணும். உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி அழிப்பதும், மரத்தடி மண்ணைக் கிளறிக் கூட்டுப்புழுக்களை வெயிலில் காயவிடுவதும் இதைக் கட்டுப்படுத்தும்.

உண்ணும் முறை

பழத்தைக் கழுவி, பிட்டுப் பார்த்து, புழு இல்லையென்று உறுதி செய்து உண்ண வேண்டும். கொட்டை தொண்டையில் சிக்கக்கூடும் என்பதால் சிறு குழந்தைகளுக்குச் சதையை மட்டும் எடுத்துத் தர வேண்டும். காய்ந்த பழத்துடன் மிளகாய், உப்பு, வெல்லம், பெருங்காயம் சேர்த்து இடித்துத் தட்டிக் காயவைப்பதே இலந்தை வடை. பழம் கிடைக்காத மாதங்களிலும் இது கிடைக்கும். ஆனால் வெயிலில் காயும்போது வைட்டமின் சி பெருமளவு குறைந்துவிடும், உப்பும் சேர்கிறது. அதனால் இலந்தை வடையைச் சுவைக்காக உண்ணலாம். சத்துக்குப் புதிய பழமே சிறந்தது.

இன்றைய நிலை

தென் மாவட்டங்களின் தரிசுகளிலும் கண்மாய்களிலும் சீமைக்கருவேலம் அடர்ந்து பரவி, நாட்டு மரங்களுக்கான இடத்தைக் குறைத்துவிட்டது. சீமைக்கருவேலத்திலிருந்து விறகும் கரியும் கிடைக்கின்றன; இலந்தை மனிதருக்கு உணவும் ஆட்டுக்குத் தீவனமும் தருகிறது. சீமைக்கருவேலத்தை அகற்றும்போது இடையில் நிற்கும் இலந்தைக் கன்றுகளை அடையாளம் கண்டு விட்டுவைத்தால், பின்னர் அவற்றில் நல்ல வகைகளை ஒட்டிப் பாசனமில்லாத நிலத்திலும் பழம் பெறலாம்.