பெயரைப் பார்த்து கார்டு வாங்காதீர்கள்

‘ஆர்டிஎக்ஸ் 3050 இருக்கா?’ என்று கடையில் கேட்டால், ஒரே பெயர் கொண்ட இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளில் எது வேண்டுமானாலும் உங்கள் கைக்கு வரலாம். 8 ஜிபி கார்டு 2022 ஜனவரியில் வந்தது. 2024 பிப்ரவரியில் 6 ஜிபி கார்டு ஒன்றை அதே பெயரில் இறக்கியது என்விடியா. மெமரிதானே 2 ஜிபி குறைவு என்று தோன்றும். ஆனால் உள்ளே கோர்களும் 2560-லிருந்து 2304 ஆகிவிட்டன. மெமரி பஸ் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகச் சுருங்கியது. நொடிக்கு 224 ஜிபி பாய்ந்த இடத்தில் 168 ஜிபிதான் பாய்கிறது. இதற்கு வேறு எண் கொடுத்திருக்க வேண்டும். சிறுகச் சிறுகக் காசு சேர்த்து வாங்குபவருக்குச் செய்த அநியாயம் இது.

பெட்டியைத் திறக்கச் சொல்லி கார்டின் மேல் விளிம்பைப் பாருங்கள். 8 ஜிபி கார்டு 130 வாட் வரை இழுக்கும் என்பதால் தனி மின் இணைப்புக்கான சாக்கெட் இருக்கும். 6 ஜிபி கார்டுக்கு 70 வாட் போதும். மதர்போர்டு ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் அடங்கிவிடுவதால் பெரும்பாலும் சாக்கெட்டே இருக்காது. அலுவலகங்கள் கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டரை வாங்கி கேமிங்குக்கு மாற்றுகிறவர்களுக்கு இது வரம்தான். அந்த எஸ்எம்பிஎஸ்களில் கார்டுக்கான தனி ஒயர் பெரும்பாலும் வராது. அங்கே 6 ஜிபி கார்டைத் தயங்காமல் போடலாம். 8 ஜிபி விலையை அதற்குக் கொடுக்கத்தான் கூடாது.

ஒரே பெயரில் வேறு கார்டை விற்கும் இந்தப் பழக்கம் என்விடியாவுக்கு இன்று நேற்று வந்ததல்ல. ஜிடி 1030 கார்டு 2017-ல் ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்தது. மறு ஆண்டே அதே பெயரில் சாதாரண டிடிஆர்4 மெமரியோடு இன்னொன்று. மெமரி வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிட்டது.

ஏஎம்டி பக்கம் சிக்கல் வேறு விதம். 2022-ல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யில் மெமரி 4 ஜிபி மட்டுமே. கேம் அதைத் தாண்டினால், மிச்சத்தை கம்ப்யூட்டரின் ரேமிலிருந்து இழுத்து வர வேண்டும். வருகிற வழியோ நான்கே பிசிஐஇ லேன்கள். பிசிஐஇ 4.0 போர்டில் ஓரளவு சமாளிக்கும், பழைய 3.0 போர்டில் அந்த வழியின் வேகம் பாதியாகி, படம் விட்டு விட்டு ஓடும். குறைந்த விலை கார்டு தேடுகிறவர் வீட்டில்தான் பழைய போர்டு இருக்கும் என்பது அதை வடிவமைத்தவர்களுக்குத் தெரியாதா என்ன?

1080பி மானிட்டருக்கு, இந்த விலை வரிசையில் நான் துணிந்து கைகாட்டுவது ஆர்எக்ஸ் 6600-ஐத்தான். 8 ஜிபி மெமரி, எட்டு லேன், 132 வாட். இன்டெலின் ஆர்க் பி580-யில் 12 ஜிபி இருக்கிறது. ஆனால் மதர்போர்டில் ‘ரீசைசபிள் பார்’ வசதி இல்லையென்றால் அதன் வேகம் வெகுவாக அடிபடும்.

செகண்ட் ஹேண்டில் வாங்குவது தப்பில்லை. எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்துக்காக இந்தக் கார்டுகளைக் கொண்டு செய்த மைனிங் 2022 செப்டம்பரில் நின்றபோது ஏராளமான கார்டுகள் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே ஒதுக்க வேண்டாம். ஃபேன் சத்தத்தையும் சூட்டையும் கவனித்தால் போதும். பயப்பட வேண்டியது போலிகளுக்கு. பழைய சிப் ஒன்றின் பயாஸை மாற்றி, ‘1050 டிஐ’ என்று காட்டவைத்து விற்கிறார்கள். காசைக் கொடுக்கும் முன் கடையிலேயே ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட போலி என்விடியா கார்டுகள் பலவற்றை அது பெயர் பக்கத்திலேயே ‘ஃபேக்’ என்று காட்டிக்கொடுத்துவிடும்.

கார்டுக்கே காசு எட்டவில்லையா? ரைசன் 5 5600ஜி போன்ற பிராசஸரில் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. வேலரன்ட் கேம் தாராளமாக ஓடும். ஆனால் அது ரேமைத்தான் மெமரியாகவும் பயன்படுத்தும். அதனால் ரேம் இரு வழியில் வேகமாகப் பாயும்படி, 16 ஜிபி ஸ்டிக் ஒன்றைப் போடாமல், 8 ஜிபி ஸ்டிக் இரண்டாக வாங்கிப் போடுங்கள்.